6. மலை ஏறும் முன் திரையில் ஏறுங்கள்

சைக்கிளில் குன்னூர் போகலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர்?" கேட்க வேண்டியது, "எத்தனை மீட்டர் ஏற வேண்டும்?" சமவெளியில் 30 கிலோமீட்டர் என்பது காலைக் காபிக்கும் டிபனுக்கும் நடுவே முடிகிற வேலை. மேட்டுப்பாளையத்துக்கு மேலே அதே 30 கிலோமீட்டர் அரை நாளைத் தின்றுவிடும்.

இந்த அத்தியாயத்தின் முடிவில் எந்தப் பாதையையும் நீங்களே கணினியில் வரைந்து, அது எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எந்தக் கிலோமீட்டரில் மூச்சு வாங்கும் என்று சொல்லிவிடலாம். சைக்கிள் பயணம், மலைநடை, கிணற்றிலிருந்து மேட்டுத் தோட்டத்துக்கு பைப் லைன் என எதற்கானாலும் செய்முறை ஒன்றுதான். பயன்படுத்தப் போகும் இரண்டு மென்பொருளும் இலவசம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மென்பொருள் எப்போதும் ஓர் எண்ணைக் கொடுக்கும். கோட்டைத் தப்பாக வரைந்தாலும் கொடுக்கும், தரவு மட்டமாக இருந்தாலும் கொடுக்கும், அதுவும் ஒரு மீட்டர் பிசகாத தோரணையில் கொடுக்கும். அதனால் விடை தெரிந்த ஒரு கணக்கைப் போட்டுப் பழகிவிட்டு, அப்புறம் தெரியாத பாதைக்குப் போவோம்.

## பயிற்சிக்கு ஏன் மலை ரயில்?

நீலகிரி மலை ரயில் பாதை 1899இல் குன்னூர் வரையும், 1908இல் ஊட்டி வரையும் வந்தது. நீளம் 46 கிலோமீட்டர். நமக்கு வேண்டிய விடைகள் எல்லாம் இதில் அச்சிட்டுக் கிடைக்கின்றன:

- மேட்டுப்பாளையம் நிலையம்: கடல் மட்டத்துக்கு மேல் 326 மீட்டர்
- குன்னூர் (28வது கிலோமீட்டர்): 1,712 மீட்டர்
- ஊட்டி (46வது கிலோமீட்டர்): 2,203 மீட்டர்
- மிக அதிகச் சரிவு: கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே, பல்சக்கரத் தண்டவாளம் உள்ள பகுதியில், 12க்கு 1. அதாவது 12 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம், சதவீதத்தில் 8.33

கடைசி வரிதான் நமக்குப் பொக்கிஷம். இந்தத் தண்டவாளத்தில் 8.33 சதவீதத்துக்கு மேல் சரிவு கிடையாது. ஆகவே நீங்கள் வரைந்த கோட்டில் மென்பொருள் 20, 30 என்று காட்டினால் பிழை உங்கள் கோட்டிலோ தரவிலோ இருக்கிறது, மலையில் இல்லை. சாலையில் இப்படி அடித்துச் சொல்ல முடியாது. ரயிலில் முடியும்.

ரயில் நிலையத்தின் மஞ்சள் பெயர்ப் பலகையைக் கவனித்திருப்பீர்கள். ஊர்ப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று இருக்கும். பெரும்பாலோர் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வதோடு சரி. இனிமேல் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உயரம் அளக்கிறவருக்கு அதைவிடச் சுலபமான உரைகல் ஊருக்குள் கிடைக்காது.

## முதல் வழி: கூகுள் எர்த் புரோ

கணினியில் நிறுவும் கூகுள் எர்த் புரோ 2015 முதல் இலவசம். அவசரத்துக்கு இதுவே போதும். பத்து நிமிட வேலை.

1. டூல்ஸ் → ஆப்ஷன்ஸ் போய், அளவுகளை மீட்டர், கிலோமீட்டர் என்று மாற்றுங்கள். அதே பக்கத்தில் உயரத்தை மிகைப்படுத்திக் காட்டும் எலிவேஷன் எக்சாஜரேஷன் 1 என்று இருக்கிறதா பாருங்கள். 2 அல்லது 3 என்றிருந்தால் கல்லாறு மலை இமயமலை மாதிரி தெரியும், கண் ஏமாறும்.
2. இடப்பக்கப் பட்டியலில் டெரெய்ன் என்பதில் டிக் இருக்கட்டும்.
3. மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்தைத் தேடி, தண்டவாளம் தெளிவாகத் தெரியும் அளவுக்கு நெருங்கிப் போங்கள்.
4. மேலே உள்ள ஆட் பாத் பொத்தானை அழுத்துங்கள். ஒரு சின்னப் பெட்டி திறக்கும். வரைந்து முடியும்வரை அதை மூடக் கூடாது. ஓரமாக நகர்த்தி வையுங்கள்.
5. தண்டவாளத்தின் மீது ஒவ்வொரு புள்ளியாகக் கிளிக் செய்துகொண்டே போங்கள். நேர்ப் பகுதியில் 100 மீட்டருக்கு ஒரு புள்ளி போதும். வளைவில் 15, 20 மீட்டருக்கு ஒன்று வேண்டும்.
6. படத்தை நகர்த்த கீபோர்டின் அம்புக்குறிகளைப் பயன்படுத்துங்கள். மவுஸை அழுத்தியபடி இழுத்தால் அது படத்தை நகர்த்தாது. கையால் கிறுக்கின மாதிரி புள்ளிகளை வரிசையாகக் கொட்டிவிடும். தப்பான புள்ளியை வலது கிளிக்கில் நீக்கலாம்.
7. பெட்டியின் ஆல்டிடியூட் பகுதியில் 'கிளாம்ப்ட் டு கிரவுண்ட்' இருக்கட்டும். பெயர் கொடுத்து ஓகே அழுத்துங்கள்.
8. இடப்பக்கப் பட்டியலில் அந்தப் பாதையின் பெயரில் வலது கிளிக் செய்து 'ஷோ எலிவேஷன் புரொஃபைல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

திரையின் அடியில் உயரக்கோடு விரியும். படுக்கை அச்சில் தூரம், செங்குத்து அச்சில் உயரம். கோட்டின் மேல் மவுஸை நகர்த்தினால் மேலே படத்தில் ஓர் அம்பு கூடவே ஓடும். இந்த மேடு எந்த வளைவில் வருகிறது என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். கோட்டின் ஒரு பகுதியை மட்டும் மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்தால் அந்தத் துண்டுக்கான ஏற்றம், சராசரிச் சரிவு தனியாகக் கிடைக்கும். பலருக்கும் தெரியாத வசதி இது. நான் மிக அதிகமாகப் பயன்படுத்துவதும் இதைத்தான்.

குறிப்பு: உயரக்கோடு எப்போதும் பயமுறுத்தும். 28 கிலோமீட்டர் தூரத்தை ஒரு சாண் அகலத்துக்குள் அடக்கி, உயரத்தை மட்டும் நீட்டிக் காட்டுவதால் சாதாரண மேடுகூடச் சுவர் மாதிரி நிற்கும். வடிவத்தைப் பார்த்து மிரளாமல் சதவீதத்தைப் படியுங்கள். 100 சதவீதம் என்றால் 45 டிகிரி. நம் மலை ரயிலின் 8.33 சதவீதம் 5 டிகிரிகூட இல்லை. ஆனாலும் அதை ஏற எஞ்சினுக்குப் பல்சக்கரம் தேவைப்படுகிறது.

## சராசரி செய்யும் மாயம்

வரைந்தாயிற்றா? இப்போது மூன்று துண்டுகளாகப் பிரித்துக் கணக்குப் போடுங்கள்.

மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை: 46 கிலோமீட்டரில் 1,877 மீட்டர் உயரம். சராசரி 4.1 சதவீதம்.

மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை: 28 கிலோமீட்டரில் 1,386 மீட்டர். சராசரி ஏறத்தாழ 5 சதவீதம்.

கல்லாறு முதல் குன்னூர் வரை: கல்லாறு ஏறத்தாழ 380 மீட்டரில் இருக்கிறது. 20 கிலோமீட்டரில் 1,330 மீட்டர். சராசரி ஆறரைச் சதவீதத்துக்கு மேல், நடுவே 8.33 வரை போகும்.

ஒரே பாதைதான். எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறோம் என்பதைப் பொறுத்து 4 ஆகவும் தெரிகிறது, 8 ஆகவும் தெரிகிறது. கல்லாறு வரை வரும் சமவெளி சராசரியைக் கீழே இழுக்கிறது. கடைசியில் லவ்டேல் தாண்டியதும் பாதை ஊட்டியை நோக்கி இறங்குவதால் அங்கேயும் கொஞ்சம் குறைகிறது. "நாலு சதவீதம்தானே, மிதிச்சிடலாம்" என்று நண்பர் சொன்னால், எந்தத் துண்டின் சராசரி என்று திருப்பிக் கேளுங்கள். பயணத் திட்டத்துக்கு முழுப் பாதையின் சராசரி ஒன்றுக்கும் உதவாது. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சராசரி என்று எழுதினால்தான் அது உதவும்.

## கோட்டில் முளைக்கும் பொய்கள்

உங்கள் உயரக்கோட்டில் அங்கங்கே ஊசி மாதிரி மேடுகளும் திடீர்ப் பள்ளங்களும் தெரிகின்றனவா? தெரியத்தான் செய்யும். 46 கிலோமீட்டரில் 16 சுரங்கப்பாதைகளும் 250 பாலங்களும் உள்ள வழி இது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுரங்கப்பாதை. மென்பொருளுக்குத் தண்டவாளம் தெரியாது. அதன் தலைக்கு மேல் இருக்கும் மலைதான் தெரியும். ஆகவே சுரங்கம் இருக்கும் இடத்தில் கோடு குன்றின் மேல் ஏறி இறங்கும்.

பாலம். இங்கே நேர் எதிர். ஓடையின் அடி வரை கோடு இறங்கி ஏறும். சாலைப் பயணத்திலும் இதே பிழை வரும்: பெரிய பாலம் ஒவ்வொன்றும் கணக்கில் ஒரு போலி இறக்கத்தையும் ஒரு போலி ஏற்றத்தையும் சேர்க்கும்.

பக்கவாட்டில் நழுவிய கோடு. மலைச்சரிவை வெட்டிப் போட்ட பாதை என்றால் அதற்கு ஒரு பக்கம் மண் சுவர், மறுபக்கம் பள்ளம். கோட்டை 20 மீட்டர் தள்ளி வரைந்தால் உயரம் 10 மீட்டர் மாறிவிடும். அடர்ந்த காட்டில் தண்டவாளமே கண்ணுக்குத் தெரியாது. குத்துமதிப்பாகப் புள்ளி வைத்திருப்பீர்கள். 20 சதவீதம் காட்டும் இடங்களை அம்பை வைத்துத் தேடிப் பாருங்கள். பாதிக்கு மேல் இந்த வகைதான்.

வெட்டிவிட்ட கொண்டை ஊசி வளைவு. சாலை வரைகிறவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு, நானும் செய்தது. வளைவைச் சுற்றிப் போனால் 120 மீட்டர்; அதில் 8 மீட்டர் ஏற்றம்; சரிவு 6.7 சதவீதம். அலுப்பில் அதன் இரு கால்களையும் நேராக இணைத்துவிட்டால் தூரம் 40 மீட்டர். அதே 8 மீட்டர் ஏற்றம். சரிவு 20 சதவீதம். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, ஆழியாறிலிருந்து வால்பாறை போகும் வழியில் 40. முதல் முறை கொல்லிமலைச் சாலையை நான் முப்பது சொச்சம் கிளிக்கில் வரைந்து முடித்தேன். வந்த எண்களைப் பார்த்துவிட்டு, "இது சைக்கிள் போகிற பாதையே இல்லை" என்று நண்பர்களிடம் தீர்ப்பு சொல்லிப் பயணத்தையே நிறுத்திவிட்டேன். அடுத்த மாதம் அவர்கள் என்னை விட்டுவிட்டுப் போய்வந்தார்கள்.

மரங்கள். செயற்கைக்கோள், ரேடார் தரவுகள் பெரும்பாலும் தரையை முழுதாகத் தொடுவதில்லை. மர உச்சியிலோ கட்டட மாடியிலோ பாதியில் நின்றுவிடும். வெட்டவெளியிலிருந்து காட்டுக்குள் நுழையும் இடத்தில் கோடு திடீரென்று 10 மீட்டர் எகிறினால் அது மேடு அல்ல, மரம்.

## இரண்டாம் வழி: கியூஜிஐஎஸ்

கூகுள் எர்த்தில் உயரத் தரவு எங்கிருந்து வந்தது, எத்தனை பழையது என்று உங்களால் பார்க்க முடியாது, மாற்றவும் முடியாது. தரவை நீங்களே தேர்ந்தெடுத்து, எண்களைக் கையில் வாங்கி வேலை செய்ய வேண்டுமென்றால் கியூஜிஐஎஸ். இலவச மென்பொருள். 3.26 பதிப்பிலிருந்து உயரக்கோடு வரையும் கருவி உள்ளேயே வருகிறது. அதற்கு முந்தைய பதிப்பு வைத்திருந்தால் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

முதலில் தரவு. மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

எஸ்.ஆர்.டி.எம்.: 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் பறந்து ரேடாரில் எடுத்தது. ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு கட்டம். கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் தரவு அதைவிடப் புதியது; மலைப்பகுதிக்கு என் தேர்வு இது. மூன்றாவது, இஸ்ரோவின் புவன் தளத்தில் பதிவு செய்து இறக்கிக்கொள்ளும் கார்ட்டோசாட் தரவு. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது; பின்னால் சொல்கிறேன்.

30 மீட்டர் கட்டம் என்றால் 30 மீட்டருக்கு 30 மீட்டர் சதுரம் முழுவதற்கும் ஒரே ஓர் உயரம். வீட்டு வாசல் படியை இதில் தேடக் கூடாது.

1. தரவுக் கோப்பை இறக்குங்கள். எஸ்.ஆர்.டி.எம்.மில் ஒரு பாகை அகலம், ஒரு பாகை உயரம் கொண்ட துண்டுகளாகக் கிடைக்கும். மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி மூன்றும் 'என்11இ076' என்ற ஒரே துண்டுக்குள் அடங்கிவிடுகின்றன.
2. கோப்பை அப்படியே கியூஜிஐஎஸ் திரையில் இழுத்துப் போடுங்கள். சாம்பல் நிறப் படம் வரும். வெளிறிய இடம் உயரம், கருத்த இடம் தாழ்வு.
3. வலது கீழ் மூலையில் உள்ள ஆயமுறையை யூடிஎம் 43 வடக்கு என்று மாற்றுங்கள். இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். மாற்றாவிட்டால் தூரம் மீட்டரில் வராமல் பாகையில் வரும். சரிவுக் கணக்கு கேலிக்கூத்தாகிவிடும். 78 பாகைத் தீர்க்கரேகைக்கு மேற்கே 43, கிழக்கே 44. கோவை, நீலகிரி, திண்டுக்கல் 43இல் வரும். மதுரை, சேலம், திருச்சி, சென்னை 44இல் வரும்.
4. தரவின் பெயரில் இரட்டைக் கிளிக் செய்து, ப்ராபர்ட்டீஸ் → எலிவேஷன் பக்கத்தில் 'ரெப்ரசென்ட்ஸ் எலிவேஷன் சர்ஃபேஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாமல் உயரக்கோட்டுப் பெட்டியைத் திறந்தால் வெறும் வெள்ளைதான் தெரியும். "மென்பொருள் வேலை செய்யவில்லை" என்று சொல்கிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் நிற்கும் இடம் இது.
5. பாதைக்கோட்டைக் கொண்டுவாருங்கள். கூகுள் எர்த்தில் வரைந்ததை கேஎம்எல் கோப்பாகச் சேமித்து இழுத்துப் போடலாம். சைக்கிள் கணினி, கைப்பேசிச் செயலி கொடுத்த ஜிபிஎக்ஸ் கோப்பையும் போடலாம்.
6. வியூ → எலிவேஷன் புரொஃபைல் திறவுங்கள். அந்தப் பெட்டியில் 'கேப்ச்சர் கர்வ் ஃப்ரம் ஃபீச்சர்' பொத்தானை அழுத்தி, படத்தில் உங்கள் பாதைக்கோட்டைக் கிளிக் செய்யுங்கள். உயரக்கோடு வரும்.
7. எண்கள் வேண்டுமானால், பாதைக்கோட்டையும் யூடிஎம் 43 வடக்குக்கு மாற்றிச் சேமித்துவிட்டு, பிராசஸிங் பட்டியலில் 'பாயின்ட்ஸ் அலாங் ஜியோமெட்ரி' கொடுத்து 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வையுங்கள். பிறகு 'சாம்பிள் ராஸ்டர் வேல்யூஸ்' கொடுத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் உயரம் ஒட்டிக்கொள்ளும். அந்த அட்டவணையை எக்செல்லில் திறக்கலாம்.

குறிப்பு: மலை ரயில் பாதை ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் தெளிவாக வரையப்பட்டிருக்கிறது, சுரங்கங்கள் விட்டுவிட்டு வரும் கோடாகத் தெரியும். கியூஜிஐஎஸ்ஸில் அதைப் பின்னணிப் படமாக வைத்துக்கொண்டு அதன் மேலேயே வரைந்தால் காட்டுக்குள் தடவ வேண்டியதில்லை.

## மெரினா கடலுக்கு 90 மீட்டர் கீழேயா?

கார்ட்டோசாட் தரவை முதல் முறை திறந்து, சென்னைக் கடற்கரையில் மவுஸை வைத்தவருக்கு மைனஸில் எண் வரும். கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸில் சில செயலிகளும் இதையே சொல்லும். கருவி கெட்டுப்போகவில்லை.

ஜிபிஎஸ், பூமியை வழவழப்பான ஒரு நீள்கோளமாக வைத்துக்கொண்டு அதன் மேற்பரப்பிலிருந்து உயரத்தை அளக்கிறது. உண்மையான கடல் மட்டம் ஈர்ப்பு விசைக்கு ஏற்ப மேடும் பள்ளமுமாக இருக்கிறது. உலகத்திலேயே மிக ஆழமான ஈர்ப்புப் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே கடல் மட்டம் அந்தக் கணிதக் கோளத்துக்கு 100 மீட்டருக்கும் கீழே. அதன் விளிம்பில் நாம் இருப்பதால் தமிழ்நாட்டில் வித்தியாசம் ஏறத்தாழ 90 மீட்டர். எஸ்.ஆர்.டி.எம்., கோப்பர்நிக்கஸ் இரண்டும் இதைத் திருத்திக் கடல் மட்டத்துக்குக் கொடுக்கின்றன. கார்ட்டோசாட் திருத்தாமல் கொடுக்கிறது.

ஒரே தரவில் வேலை செய்தால் இதனால் பெரிய கேடு இல்லை. தொடக்கமும் முடிவும் ஒரே அளவில் தாழ்ந்திருப்பதால் ஏற்றம் சரியாகவே வரும். கலப்படம் செய்தால்தான் கெட்டது. அடிவாரத்தில் கைப்பேசி சொன்ன உயரத்தையும் உச்சிக்கு வரைபடம் சொன்ன உயரத்தையும் கழித்தால் இல்லாத 90 மீட்டர் ஏற்றம் முளைத்துவிடும்.

## மொத்த ஏற்றம் என்ற புளுகு

சைக்கிள் குழுக்களில் பெருமையாகப் பேசப்படும் எண் இது: "இன்னைக்கு 2,000 மீட்டர் ஏறினேன்." ஒரே பாதையை மூன்று செயலிகளில் போட்டால் மூன்று விடை வரும். காரணத்தை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம்.

தஞ்சாவூர்ப் பக்கம் வயல்களுக்கு நடுவே 40 கிலோமீட்டர் தட்டையான சாலை. 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்தால் 1,333 புள்ளிகள். தரவின் சலசலப்பால் ஒவ்வொரு புள்ளிக்கும் அரை மீட்டர் போலியாக ஏறுவதாகவோ இறங்குவதாகவோ வைத்துக்கொள்ளுங்கள். பாதி ஏற்றம், பாதி இறக்கம். இறக்கத்தை விட்டுவிட்டு ஏற்றத்தை மட்டும் கூட்டினால் 333 மீட்டர். பாலத்து மேடு தவிர வேறு மேடே இல்லாத ஊரில் ஒரு குன்றையே ஏறிவிட்டீர்கள்!

இதைச் சரிசெய்ய எக்செல்லில் இப்படிச் செய்யுங்கள்:

1. ஒவ்வொரு புள்ளியின் உயரத்துக்குப் பதிலாக, அதற்கு முன் இரண்டு, பின் இரண்டு சேர்த்து ஐந்து புள்ளிகளின் சராசரியை எடுங்கள்.
2. தொடர்ந்து 5 மீட்டருக்குமேல் ஏறினால் மட்டும் ஏற்றம் என்று எண்ணுங்கள். அதற்குக் கீழே உள்ளதை விட்டுவிடுங்கள்.
3. சுரங்கம், பெரிய பாலம் இருக்கும் இடங்களில் இரு முனைகளின் உயரத்தை மட்டும் வைத்துக்கொண்டு நடுவில் உள்ளவற்றை அழித்துவிட்டு நேர்கோடாக நிரப்புங்கள்.
4. சரிவை 30 மீட்டருக்குப் பார்க்காமல் குறைந்தது 100 மீட்டர் துண்டுக்குப் பாருங்கள்.

இதற்குப் பிறகு மலை ரயில் கோட்டில் கல்லாறு–குன்னூர் பகுதி 8.33ஐ ஒட்டி வந்து நின்றால் உங்கள் கை பழகிவிட்டது. 10, 11 வரை அங்கங்கே எட்டிப் பார்த்தால் பரவாயில்லை. 15 வந்தால் அந்த இடத்துக்குத் திரும்பப் போய்க் கோட்டைச் சரிசெய்யுங்கள். மேட்டுப்பாளையமும் குன்னூரும் பலகை உயரத்திலிருந்து 10 மீட்டருக்குள் இருந்தால் தரவும் சரி.

## எண்ணைத் திட்டமாக மாற்றுவது

இப்போது உங்கள் சொந்தப் பாதையை எடுங்கள். ஒரு தாளில் கிலோமீட்டர் வாரியாக ஏற்றத்தையும் சராசரிச் சரிவையும் எழுதுங்கள். சைக்கிளுக்கு என் அனுபவ அளவு: 3 சதவீதம் காலுக்குத் தெரியும், 6இல் பேச்சு நிற்கும், 8க்கு மேல் கியர் தீரும், 12க்கு மேல் என்னைப் போன்றவர்கள் இறங்கித் தள்ளுவார்கள்.

நடைக்கு ஒரு பழைய வாய்பாடு உண்டு. ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் கொடுத்தது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி. 7 கிலோமீட்டரில் 900 மீட்டர் ஏறும் பாதைக்கு இது ஏறத்தாழ மூன்று மணி நேரம். இது நல்ல உடல்வாகுள்ளவர் ஓய்வே எடுக்காமல் நடக்கும் கணக்கு. நம் வெயிலுக்கும், குழந்தைகளோடு போவதற்கும் ஒன்றரை மடங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

குளிரையும் உயரக்கோட்டிலேயே கணக்கிடலாம். 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்தில் வியர்த்துக் கொட்டிய அதே சட்டையோடு ஊட்டியில் இறங்கினால் 12 டிகிரி குறைவு. மாற்றுச் சட்டை எடுத்துப் போங்கள்.

பைப் லைன் போடுகிறவர்களுக்கு: 10 மீட்டர் உயர வித்தியாசம் ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம். செயற்கைக்கோள் தரவின் பிழையே அவ்வளவு இருக்கக்கூடும். ஆகவே மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்று தோராயமாகப் பார்க்க இது போதும். வாங்கும் முன் கட்டாயம் நேரில் மட்டம் பார்க்க வேண்டும். வாய்க்கால் வாட்டத்துக்கு இந்த வழி அறவே உதவாது. அதற்குக் கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாய் மட்டம்தான் சரி.

## பாதுகாப்பு

ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆளைக் கொல்லும். திரும்பி வரும் திசைக்கும் தனியாக உயரக்கோடு எடுங்கள். 7 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து இரண்டு கிலோமீட்டர் இறங்கும் இடங்களைச் சிவப்பில் குறியுங்கள். சைக்கிளில் அங்கே பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி வரக் கூடாது. விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும், இடையில் நின்று ரிம்மைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கார், வேன் என்றால் ஏறிய அதே கியரில் இறங்க வேண்டும். மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும். மரியாதைக்காக மட்டும் அல்ல, சட்டமே அப்படி.

உயரக்கோடு சரிவைச் சொல்லும். பாறை வழுக்குமா, ஓடையில் தண்ணீர் வந்துவிட்டதா, யானை நிற்கிறதா என்று சொல்லாது. காட்டுப் பாதையென்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்தார்கள். நெருப்பு மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். சரிவு கூடக் கூட அதன் வேகமும் கூடும். வறண்ட மாதங்களில் புல் மலைகளைத் தவிர்த்துவிடுங்கள். தமிழக வனத்துறை 2024இல் வழிகாட்டிகளோடு கூடிய 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்திருக்கிறது. முதல் முறை போகிறவர்கள் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இதே முறையில் வரைந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

முக்கியமாக, மலை ரயில் பயிற்சி திரையோடு நிற்கட்டும். அனுமதியின்றித் தண்டவாளத்தில் நடப்பது ரயில்வே சட்டப்படி குற்றம். கல்லாற்றைச் சுற்றி யானைகள் நடமாட்டமும் அதிகம்.

கிளம்பும் நாளுக்கு முன் இரவு உயரக்கோட்டை இரண்டு தாளில் அச்செடுங்கள். தண்ணீர் கிடைக்கும் இடம், திரும்பிவிட வேண்டிய நேரம், பாதியில் இறங்க வழியுள்ள கிளைச்சாலை மூன்றையும் பேனாவால் குறியுங்கள். மலையில் சிக்னல் இருக்காது. கைப்பேசிப் படத்தை நம்பாதீர்கள். ஒரு தாள் உங்கள் பையில் இருக்கட்டும். இன்னொன்றை, எத்தனை மணிக்குள் போன் வரும் என்று எழுதி, வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.